பழைய தோல் சேணம், குதிரைக்குப் பொருந்துமா? வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

பொங்கோல் மீனா:
வணக்கம். இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் ஒரே குதிரைதான்: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தாரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), ஒன்பது வயது. எனக்கென்று ஒரு இங்கிலிஷ் சேணம் வாங்க ஆசை. ஒருவர் 17 அங்குலத் தோல் சேணத்தை 1,200 வெள்ளிக்குத் தருகிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. ஆனால் குதிரைமேல் வைத்தால் முன்பக்கம் தூக்கி நிற்கிறது, நான் பின்னால் சரிகிறேன். தடித்த மெத்தை போட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை காதை மடக்கிக் கடிக்க வருகிறது. அதுதான் மனதை உறுத்துகிறது.

கிராஞ்சி லாயக்காரன்:
தங்கச்சி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2024 அக்டோபர் 5, கடைசிப் பந்தயம் நடந்த நாள்வரை சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் லாய வேலை பார்த்தவன் நான். முன்பக்கம் தூக்கி நின்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ட்ரீ, அதாவது சட்டகம், அந்த முதுகுக்குக் குறுகல் என்று அர்த்தம். அதற்குக் கீழே மெத்தை போடுவது, இறுக்கமான சப்பாத்துக்குள் இன்னொரு காலுறை மாட்டுகிற மாதிரி. இன்னும்தான் நெரிக்கும்.

முதலில் ட்ரீ முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சேணத்தின் முன்மேட்டை வயிற்றில் அணைத்துக்கொண்டு, பின்விளிம்பை இரண்டு கையாலும் உங்கள் பக்கம் இழுங்கள். லேசாக வளைந்து திரும்பலாம். கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, இருக்கைத் தோல் குறுக்கே மடிந்தாலோ ட்ரீ உடைந்திருக்கக்கூடும். அப்புறம் அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சரி, அடுத்து மெத்தை எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் வையுங்கள். கழுத்துப் பக்கமாகச் சற்று முன்னால் வைத்து, தானாக உட்காரும் இடம்வரை பின்னால் நகர்த்துங்கள். தோள்பட்டை எலும்பின்மேல் ஏறக்கூடாது. பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் சேணத்தின் முன்மேட்டுக்கும், குதிரையின் கழுத்து முடியும் இடத்தில் இருக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின்மேல் எதுவும் படவே கூடாது.

கடைசியாக, மெல்லிய துணி மட்டும் போட்டு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி முதுகைப் பாருங்கள். வியர்வை ஒரே சீராகப் படர்ந்திருந்தால் நல்லது. நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இருக்கலாம். நான் பார்த்துக்கொண்ட ஒரு பழுப்புக் குதிரைக்குத் தோளுக்குப் பின்னால், ஐம்பது காசு அளவில், வெள்ளை முடி முளைத்திருந்தது. யாரோ வருடக்கணக்கில் குறுகலான சேணம் போட்ட தழும்பு. தடவினாலே தோல் துடிக்கும். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஈசூன் அம்மா:
அண்ணன் குதிரையைச் சொன்னார், நான் ஏறுபவரைச் சொல்கிறேன். 17 என்பது முன்பக்க ஆணியிலிருந்து பின்விளிம்பின் நடுவரை உள்ள அளவு. உட்கார்ந்தால் பின்னால் ஒரு கையகல இடம் மிஞ்ச வேண்டும். என் மகளுக்குத் தொடை நீளம்; இருக்கை சரியாக இருந்தும் முழங்கால் சேணத்தின் பக்கவாட்டில் தொங்கும் தோலைத் தாண்டிப்போனது. ஆறு மாதம் குதிகாலையே திருத்திக்கொண்டிருந்தோம், தவறு சேணத்தில்.

பந்தயத்தை விட்ட குதிரைக்குப் போகப்போக முதுகில் தசை கூடும், அளவும் மாறும். அதனால் வின்டெக் மாதிரி, முன் பட்டையை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் செயற்கைச் சேணத்தையும் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் தோல் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும்.

பொங்கோல் மீனா:
நேற்றுச் சோதித்தேன் அண்ணே. ட்ரீ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தோளுக்குப் பின்னாலும் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு, இடது பக்கம் பெரியது. சேணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அகலமான இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.

கிராஞ்சி லாயக்காரன்:
நல்லதம்மா. அதுவரை ஏறாமல் கயிற்றில் நடத்துங்கள். அந்த இடது தோளைத் தினமும் விரலால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று விலகினால் ஞாயிறையும் தள்ளிப்போடுங்கள்.