லாகவுட் செய்த பிறகும் முந்தைய ஷிப்ட்காரர் பெயரிலேயே திறக்கிறது, என்ன செய்வது?

இரண்டாம்ஷிப்ட்:
ஒரே கம்ப்யூட்டரை மூன்று ஷிப்ட்காரர்களும் மாறி மாறிப் பயன்படுத்துகிறோம். சரக்கு வரவு பதியும் மென்பொருள் குரோமில் ஓடுகிறது. காலை ஷிப்ட்காரர் லாகவுட் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். 'வெளியேறிவிட்டீர்கள்' என்று திரையில் வருவதை நானே பார்த்தேன். ஆனால் அடுத்து நான் 'உள்நுழை' அழுத்தினால் பாஸ்வேர்டே கேட்காமல் அவர் பெயரில் உள்ளே போய்விடுகிறது. மூலையில் இருக்கும் பெயரைக் கவனிக்காமல் பதிந்தால் எல்லாம் அவர் கணக்கில் ஏறிவிடும். குரோமை மூடித் திறந்தாலும் அதே கதைதான்.

நெட்தம்பி:
கேஷ் எல்லாம் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க.

கன்சோல்:
கேஷை அழித்துப் பயனில்லை. அதில் கிடப்பது படமும் ஸ்கிரிப்டும்தான். நீங்கள் யார் என்பதை நினைவில் வைத்திருப்பது குக்கி, அதாவது தளம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு. ஒன்று சொல்லுங்கள்: 'உள்நுழை' அழுத்தியதும் முகவரிப் பட்டையில் வேறு ஏதாவது முகவரி வந்து போகிறதா?

இரண்டாம்ஷிப்ட்:
ஆமாம், சட்டென்று ஒன்று வந்து மறைகிறது. ஆபீஸ் மெயில் திறக்கும்போதும் அதே முகவரிதான் வரும்.

கன்சோல்:
அப்போது உங்கள் நிறுவனத்தில் சிங்கிள் சைன் ஆன் இருக்கிறது, அதாவது ஒரே லாகினில் பல மென்பொருள்களும் திறக்கும் முறை. அதில் செஷன், அதாவது உள்நுழைந்த நிலை, ஒன்றல்ல, இரண்டு: மென்பொருளுடையது ஒன்று, அடையாளத்தைச் சரிபார்க்கும் லாகின் சர்வருடையது இன்னொன்று. உங்கள் லாகவுட் பட்டன் முதலாவதை மட்டும் முடிக்கிறது. நீங்கள் 'உள்நுழை' அழுத்தியதும் மென்பொருள் அந்த சர்வரிடம் போய் "யார் இது?" என்று கேட்கிறது. அதுவோ காலை ஷிப்ட்காரரின் குக்கியைப் பார்த்து அவர் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறது.

குரோமை மூடியும் போகாததற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். லாகின் பக்கத்தில் யாரோ 'உள்நுழைந்தே இரு' என்பதை டிக் செய்திருக்கலாம். இல்லையென்றால் குரோம் அமைப்பில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' தேர்வாகியிருக்கும். அது டேப்களோடு, மூடினால் போய்விட வேண்டிய செஷன் குக்கிகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இப்போதைக்கு, காலை ஷிப்ட்காரரை மெயிலிலிருந்தும் ஒருமுறை லாகவுட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் எல்லோரும் குரோமின் கெஸ்ட் விண்டோவிலேயே வேலை பாருங்கள். அதை மூடினால் குக்கிகளும் போய்விடும். மினிமைஸ் செய்து வைத்தால் போகாது, எல்லா கெஸ்ட் விண்டோவையும் மூட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

பழைய அட்மின்:
கெஸ்ட் விண்டோ ஒட்டுப்போடும் வேலை. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைப்பதே முறை.

கன்சோல்:
முறைதான். ஆனால் வண்டி வாசலில் நிற்கும்போது விண்டோஸ் கணக்கை மாற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? நிரந்தரத் தீர்வு ஐடி பிரிவின் கையில் இருக்கிறது. லாகவுட் செய்யும்போது லாகின் சர்வரின் செஷனும் சேர்ந்து முடிய வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். மென்பொருளும் லாகின் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை ஓபன்ஐடி கனெக்ட் என்றால் 'பிராம்ப்ட்' மதிப்பை 'லாகின்' என்று வைக்கலாம். சாம்ல் என்றால் 'ஃபோர்ஸ்ஆத்தன்'. இந்தச் சொற்களை அப்படியே ஐடி பிரிவுக்குப் போடும் புகார் டிக்கெட்டில் எழுதுங்கள். "லாகவுட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் கேஷைத்தான் அழிக்கச் சொல்வார்கள்.

இரண்டாம்ஷிப்ட்:
கெஸ்ட் விண்டோவில் பாஸ்வேர்டு கேட்கிறது, நன்றி! டிக்கெட்டும் போட்டாச்சு. ஏற்கெனவே அவர் பெயரில் ஏறிய இரண்டு பதிவுகளை அழித்துவிடலாமா?

பழைய அட்மின்:
வேண்டாம். அவர் பெயரில் உள்ளே போய் அழித்தால் அதுவும் அவர் கணக்கில்தான் ஏறும். பதிவு எண்ணையும் நேரத்தையும் குறித்து சூப்பர்வைசருக்கு மெயில் போடுங்கள், திருத்தப் பதிவு அவர் போடட்டும்.