ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு மொபைல் ஆப்: எதைச் சோதித்துப் பார்க்கலாம்?

பொன்னி_நூல்:
வணக்கம். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஏறக்குறைய 6,000 புத்தகங்கள், பாதிக்கு மேல் தமிழ். கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது. பார்கோடு ஸ்கேனர் ஒன்றுதான், அதையும் கவுன்ட்டரை விட்டு நகர்த்த முடியாது. இந்த வருட ஸ்டாக் வெரிஃபிகேஷனை (எல்லாப் புத்தகமும் இருக்கிறதா என்ற சரிபார்ப்பை) ஆண்ட்ராய்டு போன்களிலேயே முடிக்கலாமா? எந்த ஆப் நல்லது? வீட்டில் இருக்கும் 400 சொந்தப் புத்தகங்களுக்கும் ஒரு பட்டியல் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆப் போதுமா? ஐஎஸ்பிஎன் (நூலில் அச்சிட்டிருக்கும் அடையாள எண்) ஸ்கேன் செய்யும் ஆப்களில் தமிழ் நூல்களைக் காட்டினால் பெரும்பாலும் 'கிடைக்கவில்லை' என்றே வருகிறது.

அலமாரி:
ஒரே ஆப் வேண்டாம், இரண்டும் வேறு வேலை. வீட்டுப் பட்டியலுக்கு ஐஎஸ்பிஎன் போதும். நூலகத்தில் ஒரே நூலுக்கு ஐந்து பிரதிகள் இருந்தால் ஐந்துக்கும் ஐஎஸ்பிஎன் ஒன்றேதான், எந்தப் பிரதி காணவில்லை என்று அது சொல்லாது. அங்கே படிக்க வேண்டியது, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகக் கொடுத்து நீங்கள் ஒட்டிய அக்சஷன் நம்பர் பார்கோடு. பின்னட்டையில் 978 என்று தொடங்கும் பார்கோடு கேமராவில் முதலில் சிக்கிவிடும், அதைக் கையால் மறைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யுங்கள்.

ஆப் என்று கேட்டால் 'பைனரி ஐ'. இலவசம், திறந்த மூலம், ஸ்கேன் செய்ய இணையம் தேவையில்லை. செட்டிங்ஸில் பல்க் மோடையும் (நிறுத்தாமல் அடுத்தடுத்து ஸ்கேன் செய்வது), அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணைத் தவிர்க்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். ஒரு ரேக் முடிந்ததும் ஹிஸ்டரியை சிஎஸ்வியாக (எளிய அட்டவணை ஃபைலாக) எக்ஸ்போர்ட் செய்து, ரேக் எண்ணையே ஃபைலுக்குப் பெயராக வையுங்கள். பிறகு ஹிஸ்டரியை அழித்துவிட்டு அடுத்த ரேக். மொத்தத்தையும் ஒரே ஃபைலில் போட்டால், தவறு வரும்போது எந்த அலமாரிக்குப் போய்ப் பார்ப்பது என்றே தெரியாது.

அந்த சிஎஸ்வியை எக்ஸெலில் நேராக டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். 000457 என்பது 457 ஆகிவிடும், 13 இலக்க ஐஎஸ்பிஎன் 9.78E+12 என்று சுருங்கும். அப்படியே சேமித்துவிட்டால் போனது போனதுதான். கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் கொடுத்து, 'எழுத்தை எண்ணாக மாற்று' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பார்கோடு இருக்கும் பத்தியை மட்டும் நகலெடுத்து, வரிக்கு ஓர் எண்ணாக நோட்பேடில் ஒட்டி டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்தால் கோஹாவின் இன்வென்டரி பக்கத்தில் ஏற்றலாம். அந்த ரேக்கின் அழைப்பு எண் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்) எல்லையையும் கொடுத்து, ஃபைலோடு ஒப்பிடச் சொல்லும் டிக்கையும் போடுங்கள். ஸ்கேனில் வராதவையும் இடம் மாறி நிற்பவையும் பட்டியலாக வரும். 'இப்படி ஒரு பார்கோடே இல்லை' என்று வரிசையாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்னால் இருந்த சுழியங்களை.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரு மாணவர் பெயரில் இருக்கும் புத்தகம் ஸ்கேனில் வந்துவிட்டால், கோஹா அதைத் தானாகவே ரிட்டர்ன் போட்டுவிடும். 'ஸ்கேன் செய்தவற்றைச் செக்-இன் செய்யாதே' என்ற பொருளில் ஒரு டிக் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் சுற்றில் அதைப் போட்டுவிட்டு, அப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

முத்திரைத்தாள்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் லேபிள் சரியாக இல்லையென்றால் எந்த ஆப்பும் உதவாது. பளபளப்பான செலோ டேப் ஒட்டிய லேபிளில் டியூப் லைட் வெளிச்சம் பட்டால் கோடுகள் வெளுத்துவிடும். புத்தகத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள், போன் டார்ச்சை அணைத்துவிடுங்கள். தூரம் 10 முதல் 15 செ.மீ. போதும், அதைவிட நெருங்கினால் பல போன்களில் ஃபோகஸ் நிற்காது.

புது லேபிள் அடிக்கும்போது கோடு 39 என்ற பார்கோடு வகை வேண்டாம், கோடு 128 என்ற வகையைப் போடுங்கள். ஒரே எண்ணுக்குக் குறைந்த அகலம் போதும், அதனால் கோடுகளைச் சற்றுத் தடிமனாகவே அச்சிடலாம். சரிபார்ப்பு எழுத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. கோடு 39இல் அது கட்டாயமில்லை, எனவே மங்கிய லேபிளை வேறு எண்ணாகப் படித்துவிட இடமுண்டு.

6,000 புத்தகத்தில் இறங்குவதற்கு முன் 20 புத்தகங்களில் ஒத்திகை பாருங்கள். நல்லவற்றை எடுக்காதீர்கள். டேப் ஒட்டியது, மங்கியது, வளைந்த முதுகில் லேபிள் இருப்பது, சுழியத்தில் தொடங்கும் எண், இப்போது வெளியே போயிருப்பதாகக் கணக்கில் உள்ளது: இவற்றைத்தான் தேட வேண்டும்.

கயல்_வாசகி:
வீட்டுப் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லைப்ரரிதிங் என்ற புத்தகப் பட்டியல் தளம் 2020 முதல் எத்தனை புத்தகத்துக்கும் இலவசம், போன் ஆப்பிலேயே ஸ்கேன் செய்யலாம். ஆங்கில நூல்கள் சட்டென்று வரும். தமிழ் நூல்களைப் பெரும்பாலும் கையால்தான் சேர்க்க வேண்டும். பழைய நூல்களில் ஐஎஸ்பிஎன்னே இருக்காது. சில சிறு பதிப்புகளில் ஒரே எண்ணை இரண்டு நூலுக்கு அச்சிட்டிருப்பார்கள், எனவே ஸ்கேனில் தலைப்பு வந்தாலும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டச்சு அலுப்பைக் குறைக்க, தலைப்புப் பக்கத்தை கூகுள் லென்ஸில் காட்டி எழுத்தை நகலெடுங்கள். தமிழை நன்றாகவே படிக்கிறது. அலங்கார எழுத்தில் இருக்கும் அட்டையைக் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கம்தான் சரி. ற, ர, துணைக்கால் மூன்றையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

எந்த ஆப்பாக இருந்தாலும் பத்துப் புத்தகம் சேர்த்தவுடன் சிஎஸ்வியாக வெளியே எடுத்துப் பாருங்கள். தமிழ் சிதையாமல் வந்தால் மட்டும் மீதி 390ஐச் சேருங்கள். வெளியே எடுக்கவே வழியில்லாத ஆப் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பொன்னி_நூல்:
மிக்க நன்றி. இன்னொன்று: பழைய தமிழ் நூல் பட்டியல் எக்ஸெலில் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. அதை மாற்றி எடுக்க முடியுமா?

அலமாரி:
முடியும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறை) மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய. முழு ஷீட்டையும் ஒரே அடியாகக் கொடுக்காதீர்கள். அந்த எழுத்துருவில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போட்ட உருவம் மட்டுமே, எனவே ஆங்கிலத் தலைப்புகளும் சேர்ந்து மாறி, படிக்க முடியாத தமிழாகிவிடும். எழுத்துரு வாரியாக ஃபில்டர் போட எக்ஸெலில் நேர்வழி இல்லை. மொழி என்று ஒரு பத்தி சேர்த்து, தமிழ் வரிகளைக் குறித்து, வரிசைப்படுத்தி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் பத்திகளை மட்டும் மாற்றுங்கள். அக்சஷன் எண் பத்தியைத் தொடவே வேண்டாம். அசல் ஃபைலுக்கு ஒரு நகல் தனியாக இருக்கட்டும்.