தென்னையில் சுருள் வெள்ளை ஈ: மருந்து அடிக்கலாமா?

கேள்வி (ஆனைமலை தோப்பு):
2 ஏக்கர், 8 வருஷ மரங்கள், ஊடுபயிரா வாழை. அடிமட்டை ஓலைகளோட மேல்பக்கம் கரி பூசின மாதிரி கறுத்துப் போச்சு. அடிப்பக்கத்துல வெள்ளை மாவு, சுருள் சுருளா முட்டை. கடையில இமிடாகுளோபிரிட்ங்கிற பூச்சி மருந்தை அடிக்கச் சொல்றாங்க. அடிக்கலாமா?

பதில் (கோவை விவசாயி):
அடிக்காதீங்க அண்ணா. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் இந்த ஈ வந்ததுல இருந்து இதை அடக்கி வைக்கிறது என்கார்சியாங்கிற குட்டிக் குளவிதான். மருந்து முதல்ல அதைத்தான் கொல்லும், அப்புறம் ஈ இன்னும் அதிகமா வரும்.

முதல்ல ஒரு ஓலையை அறுத்து லென்ஸ் வச்சு அடிப்பக்கம் பாருங்க. ஈயோட கூட்டுப்புழு கறுத்திருந்தா உள்ளே குளவி வளருது. முதுகுல வட்ட ஓட்டை இருந்தா குளவி வெளியே போயாச்சு. ஈ வெளியேறின கூட்டுல வட்டம் இருக்காது, டி வடிவக் கீறல்தான் இருக்கும். பாதிக்கு மேல கறுப்புன்னா எதுவும் தெளிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், கறுப்பு ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. வாழை இலை அடியிலயும் ஈ இருக்கு.

பதில் (கோவை விவசாயி):
அப்ப குளவியைக் கொண்டு வரணும். கறுத்த கூட்டுப்புழு நிறைய இருக்கிற தோப்புல ஓலைத் துண்டுகளை வாங்கி, உங்க மரத்து ஓலையோட அடிப்பக்கத்துல குத்தி வைங்க. வாழையிலயும் மருந்து கூடாது, குளவி அங்கேயும் பெருகும்.

ஈயைப் பிடிக்க 5 அடிக்கு 1.5 அடி மஞ்சள் பாலித்தீன் ஷீட், ஏக்கருக்கு 8, தரையிலிருந்து 6 அடி உயரத்துல. ரெண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவுங்க. தூசி படிஞ்சா ஒட்டாது, துடைச்சுத் திரும்பத் தடவணும்.

பதில் (வேலூர் தென்னை):
வேப்பெண்ணெய் தெளிக்கணும்னா ஓலைத் துண்டு குத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. லிட்டருக்கு 5 மில்லி. முதல்ல சோப்புக் கரைசல்ல எண்ணெயைப் பால் மாதிரி ஆகுற வரைக்கும் அடிச்சுக் கலக்கணும். இல்லேன்னா எண்ணெய் மேல மிதக்கும், டேங்க்ல கடைசியா வர்ற மருந்து ஓலையைக் கருக்கும். அடிப்பக்கம் படுற மாதிரி விசையா அடிங்க.

ஓலை மேல கறுத்திருக்கே, அந்தக் கரும்பூசணத்துக்கு மைதா. லிட்டருக்கு 25 கிராம். கொஞ்சம் தண்ணில கஞ்சியாக் காய்ச்சி, ஆறினதும் மீதித் தண்ணியைச் சேர்த்துத் துணியில வடிகட்டுங்க, கட்டி இருந்தா நாசில் அடைக்கும். ஓலையோட மேல்பக்கம் மட்டும் அடிங்க, வெயில் நாள்ல. காய்ஞ்சா பூசணத்தோட செதில் செதிலா உதிரும். காயறதுக்குள்ள மழை வந்தா மறுபடியும் அடிக்கணும்.