வாடகைக்கு எடுத்த கூரை திறக்கும் காருக்குள் தண்ணீர்: தவறு யாருடையது?

கேட்பவர்: தஞ்சோங் பூங்கா மகள்
சனிக்கிழமை, காலை 8.10

வணக்கம். அவசரமாக உதவி வேண்டும். நாளை என் அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாள். அப்பா பட்டர்வொர்த்தில் முப்பது ஆண்டுகள் கார்ப் பட்டறையில் உழைத்தவர். ஊரார் வண்டிகளையெல்லாம் சரிசெய்து கொடுத்த மனிதர், ஒரு நாளாவது கூரை திறந்த காரில் அம்மாவை உட்காரவைத்து, பினாங்கின் தெலுக் பஹாங் மலைவளைவுகள் வழியாக பாலிக் புலாவுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே சொல்லிவருகிறார். காரில் இருப்பது இரண்டே இருக்கை. அதனால் நாங்கள் எங்கள் மைவி காரில் பின்தொடர்வதாக ஏற்பாடு.

கார் 1992-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, முன்விளக்குகள் மேலெழும்பும் பழைய மாதிரி. தனிநபர் ஒருவரிடம் மூன்று நாளைக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, 1,000 வெள்ளி வைப்புத்தொகை கொடுத்து நேற்று மாலை எடுத்தோம். இரவு முழுவதும் மழை. துணிக்கூரையை மூடி, முன்பக்கக் கொக்கி இரண்டையும் நானே மாட்டினேன். காலையில் கதவைத் திறந்தால் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை அழுத்திய இடத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறது. இருக்கைகள் காய்ந்தே இருக்கின்றன. உரிமையாளரோ, "கூரையைத் திறந்து வைத்திருப்பீர்கள், வைப்புத்தொகை கிடைக்காது" என்று செய்தி அனுப்பிவிட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்? பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

ஈப்போ சாலைப் பட்டறைக்காரர்
காலை 8.42

தங்கச்சி, இருக்கை காய்ந்திருக்கிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கூரை திறந்து கிடந்திருந்தால் முதலில் நனைவது இருக்கைதான்.

இந்தக் காரில் துணிக்கூரையின் பின்பகுதியில் வழியும் மழைநீர் வெளியே சிந்துவதில்லை. கூரைத்துணி உடலோடு சேரும் இடத்தில் உள்ளே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதில் விழும் நீர் இருபுறமும் பிரிந்து, இருக்கை வார் (சீட் பெல்ட்) தூண்களுக்கு அருகில் உள்ள துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேறும். அங்சானா மரத்தடியில் நின்ற கார் என்றால் சருகும் பூவும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிடும். பிறகு நீருக்குப் போக்கிடம் ஏது? உள்ளேதான் வழியும்.

சோதித்துப் பாருங்கள். இருக்கையை முன்னே தள்ளி, வார் தூணருகே கம்பளத்தை மெதுவாக விலக்கினால் துளையின் வாய் தெரியும். ஒரு குவளை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உடனே காரின் அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. ஊற்றுவதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு இருந்தால் அதை விட்டுக் குத்தலாம். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், குழாய் கிழியும். காற்றை அழுத்தி ஊதவும் கூடாது, அடியில் குழாய் கழன்றுவிடும்.

இன்னொன்று. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பைத் தடவிப் பாருங்கள். வண்ணம் பொக்குளமாக எழும்பித் துரு பிடித்திருந்தால், தண்ணீர் பல காலமாக அங்கே தங்கியிருக்கிறது. ஓர் இரவில் துரு பிடிக்காது. அதையும் படம் எடுங்கள்.

கூரை நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். மடிக்கும் முன் பின்புறப் பிளாஸ்டிக் சன்னலின் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவையுங்கள். மறந்தால் மடிப்பு விழும், அதற்கும் உங்களைத்தான் சொல்வார்.

கியர் கையால் மாற்றும் கார் அது. அப்பாவின் லைசென்ஸ் டி வகைதானே? தானியங்கி கியருக்கு மட்டுமான டிஏ என்றால் ஓட்ட முடியாது.

பாயான் லெப்பாஸ் காப்புறுதி அக்கா
காலை 9.15

தண்ணீர் காய்ந்துவிடும் தங்கச்சி. எனக்கு வேறொரு பயம். தனிநபர் என்றீர்களே, அந்தக் கார் வாடகை வாகனமாக உரிமம் பெற்றதா? தனியார் காருக்கான காப்புறுதி, காரை வாடகைக்கு விடுவதை ஏற்காது. ஒப்பந்தத்திலேயே அந்த விலக்கு எழுதியிருக்கும். தெலுக் பஹாங் வளைவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளோடு ஒரு சிறு உரசல் நடந்தாலும், காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும். காருக்கான செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

உரிமையாளரிடம் காப்புறுதிப் பத்திரத்தின் படத்தைக் கேளுங்கள். பயன்பாடு என்ன வகை என்று அதில் இருக்கும். தர மறுத்தால் அப்பாவை அந்த ஸ்டியரிங்கில் உட்காரவைக்காதீர்கள். நாற்பது ஆண்டுக் கனவு என்று தெரிந்தே சொல்கிறேன், மனசு கேட்கவில்லை.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்
காலை 10.02

வைப்புத்தொகைக்கு வழி உண்டு. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் வழக்கை நீங்களே சொல்லலாம். அவர் வாடகையைத் தொழிலாகவே நடத்துகிறார் என்பதற்கு அவருடைய விளம்பரத்தின் படத்தை இப்போதே எடுத்து வையுங்கள், நாளைக்கு அது காணாமல் போகலாம். பணம் கொடுத்த ரசீது, செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

தஞ்சோங் பூங்கா மகள்
சனிக்கிழமை, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நான் குவளையோடு நின்றதைப் பார்த்த அப்பா, "தள்ளு" என்று சொல்லிவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். 67 வயது. இடதுபுறத் துளையில் ஊற்றிய தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. நைலான் கயிற்றை விட்டு மெல்லத் திருகினார். கறுத்த சேறு, அதற்குள் உருண்டையாய்ச் சுருண்ட சருகு, கடைசியில் ஒரு காய்ந்த விதை. அப்புறம் காரின் அடியிலிருந்து நீர் சரசரவென்று கொட்டியது. அப்பா படுத்தபடியே சிரித்த சிரிப்பு வீடியோவில் இருக்கிறது. விளிம்பில் துருவும் இருந்தது, இருபுறமும்.

அண்ணா, அப்பாவுடையது டி லைசென்ஸ்தான். ஆனால் அக்கா சொன்னது நடந்துவிட்டது. பத்திரம் கேட்டேன். மூன்று மணி நேரம் கழித்து வந்த படத்தில் தனியார் பயன்பாடு என்றே இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கொண்டுபோய் விட்டுவிடு" என்றார். மாலையிலேயே திருப்பிக் கொடுத்தோம், கம்பளத்தை முடிந்தவரை உலர்த்திய பிறகு. வீடியோவைப் பார்த்தபின் உரிமையாளர் 600 வெள்ளி கொடுத்தார். மீதி 400-க்குத் திங்கட்கிழமை தீர்ப்பாயத்தில் பதிகிறேன்.

நாளை மைவியிலேயே போகிறோம். வழியில் தீத்தி கெராவாங்கில் நிறுத்தி அம்மாவுக்குச் சாதிக்காய்ச் சாறு வாங்கித்தர வேண்டுமாம், அது மட்டும் அப்பாவின் கட்டளை. ஓட்டப்போவதும் அவர்தான்.

வாடகை வாகனமாக உரிமம் பெற்ற, கூரை திறக்கும் கார் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ யாரிடம் உண்டு என்று தெரிந்தால் எழுதுங்கள். டிசம்பரில் அம்மாவின் பிறந்தநாள் வருகிறது.