15 யூரோவுக்குள் நல்ல போர்தோ சிவப்பு வைன்: எங்கே தேடுவது?

கேள்வி: நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். நான் பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு வைன்களை இரண்டு ஆண்டுகளாகத்தான் கவனித்து வாங்கிவருகிறேன். போத்தல் ஒன்றுக்கு 15 யூரோவுக்கு மேல் செலவிட என்னால் இயலாது. சென்ற மாதம் வீட்டுக்கு விருந்தினர் வருவதை முன்னிட்டு, ‘சேந்தெமிலியோன் கிரான் க்ரூ’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட ஒரு போத்தலை ஓர் அங்காடியில் 12 யூரோவுக்கு வாங்கினேன். அதன் கழுத்தில் தங்கப் பதக்கம் போன்ற ஒட்டுவில்லையும் இருந்தது. ஊற்றியபோது நிறம் நன்றாகத்தான் இருந்தது; ஆனால் வாயில் வைத்தால் தண்ணீர்ப் பதம், விழுங்கிய பிறகு நாவின் இரு ஓரங்களையும் பிடித்து இழுக்கும் கசப்பு. அதே வாரம் நண்பர் ஒருவர் கொண்டுவந்த, நான் பெயரே கேள்விப்படாத ‘காஸ்தியோன்’ பகுதியின் 9 யூரோ வைன், கறுப்பு பிளம்ஸ் பழ வாசனையோடு, அதைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது.

இது தற்செயலா, அல்லது இதற்குக் காரணம் உண்டா? போத்தலின் மேல் எழுதியிருப்பவற்றில் எதை நம்பலாம்? எந்த ஆண்டு வைனை வாங்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஆற்றோரம்

தற்செயல் இல்லை. நான் போர்தோ பகுதியின் லிபூர்ன் நகருக்கு அருகில் வசிக்கிறேன். பல ஆண்டுகள் அறுவடைக் காலத்தில் இந்தத் தோட்டங்களில் கூலிக்குப் பழம் வெட்டியிருக்கிறேன். அருகிலுள்ள சேந்தெமிலியோன் மேட்டின் அடியில் இருப்பது பழைய கடலடிச் சுண்ணாம்புப் பாறை. கையில் எடுத்துப் பார்த்தால் அதில் நட்சத்திர மீன்களின் எச்சத் துணுக்குகள் தெரியும். அந்தப் பாறை சேந்தெமிலியோனின் நிர்வாக எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. கிழக்கே காஸ்தியோன் வரை தொடர்ந்து செல்கிறது. பாறை ஒன்று, மெர்லோ திராட்சை ஒன்று, மழையும் ஏறக்குறைய ஒன்று. மாறுவது நிலத்தின் விலைதான். பக்கத்துப் பொமெரோல் பகுதியில் ஓர் எக்டேர் நிலம் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும் என்றால், காஸ்தியோனில் அதன் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும். அந்த வேறுபாடு போத்தலின் விலையில் அப்படியே வந்து சேருகிறது. இந்தக் கணக்கை அறிந்துதான், சேந்தெமிலியோனில் கனோன் லா கஃபெலியேர் தோட்டத்தை நடத்தும் ஸ்டெஃபான் ஃபொன் நைபெர்க், 1998இல் காஸ்தியோனில் ஷாத்தோ தெகி என்ற தோட்டத்தை வாங்கினார்.

நீங்கள் ஏமாந்த போத்தலுக்கு வருகிறேன். ‘சேந்தெமிலியோன் கிரான் க்ரூ’ என்பது தரப்பட்டியலில் இடம்பெற்ற தோட்டத்தைக் குறிப்பதில்லை. சாதாரண சேந்தெமிலியோனுக்கும் அதற்கும் நில எல்லை ஒன்றே. எக்டேருக்கான விளைச்சல் வரம்பும், வைனை வைத்திருந்து பக்குவப்படுத்தும் காலமும் சற்றுக் கடுமையாக இருக்கும், அவ்வளவே. தரப்பட்டியலில் உள்ளவை ‘கிரான் க்ரூ கிளாசே’ என்று எழுதும். 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் அப்படி 85 தோட்டங்கள் இருந்தன. 12 யூரோவுக்கு அந்தப் பெயரைத் தாங்கி வருகிற வைனில், உங்கள் பணத்தின் பெரும்பகுதி பெயருக்கே போய்விடுகிறது. ‘கிரான் வேன் த போர்தோ’ என்ற சொற்றொடருக்கும் சட்டப்படி எந்தத் தரமும் கிடையாது. பதக்கங்களைப் பொறுத்தவரை, ஒரு போட்டியில் நுழைந்த வைன்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பரிசு பெற விதி இடம் கொடுக்கிறது. ஆகவே அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

காஸ்தியோனோடு ஃபிரோன்சாக்கையும் தேடுங்கள். எனக்கு அதுதான் மிகவும் பிரியமானது. லிபூர்னுக்கு மேற்கே, தொர்தோன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் குன்றுகள் அவை. சுண்ணாம்பு கலந்த களிமண் என்பதால் வைனுக்கு உடற்கட்டும் அதனடியில் ஒரு புத்துணர்ச்சியும் இருக்கும். ஷாத்தோ தலெம், ஷாத்தோ வில்லார் போன்றவற்றின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளின் போத்தல்கள் உங்கள் வரம்பைச் சிறிது தாண்டும், ஆனால் தள்ளுபடியில் கிடைக்கும். பொமெரோலுக்கு வடக்கே பார்பான் ஓடையைத் தாண்டினால் லாலாந்த்-த-பொமெரோல். அங்கே 15 யூரோவுக்குள் தேடுவது இப்போது கடினமாகிவருகிறது.

மறுமொழி: மிளகு

ஆற்றோரம் அண்ணா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் கரோன், ஜிரோந்த் ஆறுகளின் இடக்கரையை அவர் தொடவே இல்லை. பாரிஸ் உணவகங்களில் பதினான்கு ஆண்டுகள் சமையலறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆட்டிறைச்சி வறுவலுக்கும் மாட்டிறைச்சிக்கும், மெர்லோவின் மென்மையைவிடக் கபெர்னே சோவிஞோனின் துவர்ப்பே பொருந்துகிறது. அந்தத் திராட்சைக்குச் சூட்டைப் பிடித்துவைக்கும் கூழாங்கல் நிலம் வேண்டும். இடக்கரையிலுள்ள மெடோக் பகுதியில் அது இருக்கிறது. மார்கோ, போயாக் என்ற ஊர்ப்பெயர்களை மறந்துவிட்டு, ‘ஓ-மெடோக்’, ‘மெடோக்’, ‘லிஸ்ட்ராக்’ என்று எழுதியவற்றில் ‘க்ரூ பூர்ஷ்வா’ என்ற தரக்குறிப்பு உள்ளவற்றை எடுத்துப் பாருங்கள். புகழ்பெற்ற தோட்டங்களைத் தரம் பிரித்த 1855ஆம் ஆண்டுப் பட்டியல், 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்தை முதல் தரத்துக்கு உயர்த்தியதைத் தவிர ஏறக்குறைய உறைந்தே கிடக்க, க்ரூ பூர்ஷ்வா பட்டியல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சுவைத்துப் பார்த்துப் புதுப்பிக்கப்படுகிறது. 2020இல் அதில் 249 தோட்டங்கள் மூன்று படிகளில் இடம்பெற்றன. கீழ்ப்படியிலேயே 12 முதல் 15 யூரோவுக்கு நேர்மையான வைன் கிடைக்கும்.

ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய தோட்டங்கள் மோசமான ஆண்டில்கூடப் பழத்தைப் பொறுக்கித் தள்ளிவிட்டு நல்லதைச் செய்ய முடியும். சிறிய தோட்டத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால் விலை குறையக் குறைய ஆண்டு முக்கியமாகிறது. 2021 ஏப்ரல் உறைபனியும், பிறகு வந்த ஈரமும் பூஞ்சையும் தாக்கிய ஆண்டு. மலிவு வைன்களில் அதன் மெலிவு தெரியும். 2018, 2019, 2020 மூன்றும் நல்லவை; அவற்றில் நான் 2019ஐயே முதலில் எடுப்பேன், ஏனென்றால் கொரோனா காலத்தில் விற்பனைக்கு வந்ததால் பல தோட்டங்கள் விலையை இறக்கின. 2022 வெயிலும் வறட்சியும் மிகுந்த ஆண்டு. பழம் நிறைவாக இருக்கும், ஆனால் லிபூர்ன் பக்கத்து வலக்கரை மெர்லோவில் மதுச்சத்து 14.5 விழுக்காடு வரை ஏறியிருப்பதையும் போத்தலின் பின்புறச் சீட்டில் பார்த்து வாங்குங்கள். நம் மிளகுக் குழம்போடு அத்தகைய வைனைக் குடித்தால் தொண்டை எரியும். காரம், துவர்ப்பையும் மதுச்சத்தையும் கூர்மையாக்கிக் காட்டும்.

இன்னொன்று: கோடைக்கால அடுக்ககத்தில் 25 பாகை சூட்டில் கிடந்த போத்தலை அப்படியே திறக்க வேண்டாம். சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்து 17 பாகை அளவுக்குக் கொண்டுவந்து, அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால், நீங்கள் சொன்ன அந்த ஓரக் கசப்பில் ஒரு பகுதியாவது தணிந்திருக்கும்.

கேள்வியாளர்: நெய்தல்

இருவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கடையில் 4 யூரோவுக்கும் போர்தோ இருக்கிறது, 10 யூரோவுக்கும் இருக்கிறது. அதிகமாகக் கொடுக்கும் அந்த 6 யூரோவுக்கு உண்மையிலேயே பொருள் உண்டா?

மறுமொழி: ஆற்றோரம்

நிச்சயமாக உண்டு, இதை மனத் துயரத்தோடுதான் எழுதுகிறேன். போத்தல், தக்கை, பெயர்ச்சீட்டு, போக்குவரத்து, கடையின் பங்கு, வரி எல்லாம் கழிந்தால், 4 யூரோவில் உள்ளே இருக்கும் வைனுக்குச் சில்லறைதான் மிஞ்சும். அந்த விலையில் விளைவிப்பவர் நட்டத்தில் விற்கிறார். 2023இல் நோயையும் விற்பனைத் தேக்கத்தையும் காரணம் காட்டி, ஏறக்குறைய 9,500 எக்டேர் கொடியைப் பிடுங்குவதற்கு உதவித்தொகை அறிவிக்கும் நிலை இங்கே வந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், நான் பழம் வெட்டிய வரிசைகள் வேரோடு குவிக்கப்பட்டு எரிவதைப் பார்த்தேன். 4 யூரோவுக்கும் 10 யூரோவுக்கும் நடுவில்தான், குறைந்த விளைச்சலும் கையால் செய்த கவாத்தும் சரியான நாள் பார்த்துச் செய்த அறுவடையும் வந்து சேருகின்றன. 10க்கும் 15க்கும் நடுவில் வேறுபாடு சிறியது. 15க்கும் 40க்கும் நடுவில் பல வேளைகளில் ஊர்ப்பெயர்தான்.

செப்டம்பரில் அங்காடிகளின் வைன் விற்பனைத் திருவிழா வரும்போது, ஒரே வைனில் ஆறு வாங்காமல், காஸ்தியோன் இரண்டு, ஃபிரோன்சாக் இரண்டு, மிளகு சொன்ன ஓ-மெடோக் இரண்டு என்று எடுங்கள். போத்தலின் பின்புறச் சீட்டில் ‘மிஸ் ஆன் பூத்தெய் ஓ ஷாத்தோ’, அதாவது தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கப்பட்டது, என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போத்தலை உடனே திறந்து, மற்றதை இரண்டு ஆண்டுகள் இருட்டில் படுக்கவைத்துவிட்டு, பிறகு இங்கே வந்து எழுதுங்கள். ஃபிரோன்சாக் எப்படி மாறியிருந்தது என்று கேட்க நான் காத்திருப்பேன்.