'ஆலமரத்து வீடு' குழு: லைன்மேனுக்கே லைன் கோளாறு

மதுரை அத்தை: அண்ணனுக்கு ஹார்ட் அட்டாக்காமே? மணி, போனை எடுடா

மணி: அப்படி யாரும் சொல்லவில்லை அத்தை. அப்பாவுக்குச் சர்க்கரை 540. விடிந்ததிலிருந்து வாந்தி, பயங்கரமாக மூச்சு வாங்கியது. ஐசியூவில் இருக்கிறார்

சின்னச் சித்தப்பா: இசிஜி கோளாறு என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னாரே

கவிதா: கொஞ்சம் பொறுங்கள், படத்தை மணி எனக்கு அனுப்பினான். இசிஜியில் டி அலை என்கிற மேடு கூடாரம் போல கூராக நிற்கிறது. உடம்பில் இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகும்போது பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியே வந்துவிடும். 5க்குள் இருக்க வேண்டியது பெரியப்பாவுக்கு 6.4. அதில்தான் இதயத்தின் மின்சாரம் தடுமாறுகிறது

கரூர் மாமா: முப்பது வருடம் கம்பம் ஏறிய ஆளுக்கே மின்சாரக் கோளாறா

மணி: மாமா!!

மதுரை அத்தை: இன்சுலின் ஏன் இல்லை?

மணி: நாலு நாளாகப் போடவில்லை. சிறுகுறிஞ்சான் பொடியே போதும் என்று ஒருவர் சொன்னாராம்

சின்னச் சித்தப்பா: ஊசியை நிறுத்தச் சொன்னேனா? வயல் விஷயத்திலும் பழி என் தலையில்தான்

மதுரை அத்தை: வயலை இப்போது இழுக்காதே

கவிதா: சண்டை அப்புறம். இனிமேல்தான் கவனம் வேண்டும். இன்சுலின் ஏறியதும் பொட்டாசியம் திரும்பச் செல்லுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அதிகமாகத் தெரிந்தாலும், சிறுநீரிலும் வாந்தியிலும் உடம்பு நிறைய இழந்திருக்கிறது. மளமளவென்று இறங்கினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் பொட்டாசியத்தையே டிரிப்பில் கலப்பார்கள்

மதுரை அத்தை: அதிகம் என்கிறாய், ஏற்றுவார்கள் என்கிறாய். ஒன்றைச் சொல்லடி

கவிதா: இரண்டும்தான் அத்தை

சின்னச் சித்தப்பா: பத்து இளநீர் இறக்கி வைத்திருக்கிறேன், கொண்டு வரவா?

கவிதா: வேண்டவே வேண்டாம், அதில் இருப்பதும் பொட்டாசியம்தான்

கரூர் மாமா: ஞாயிறு வளைகாப்புக்குப் பந்தல் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. தள்ளி வைப்பதா?

மதுரை அத்தை: முதல் வளையல் அண்ணிதானே போட வேண்டும். அவர் ஐசியூ வாசலை விட்டு வருவாரா?

மணி: அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. யாராவது இட்லி கொண்டு வாருங்கள்

கரூர் மாமா: அட்டாக் இல்லவே இல்லைதானே கவிதா?

கவிதா: டிராபோனின், அதாவது இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம், பார்த்திருக்கிறார்கள், மறுபடியும் பார்ப்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலும் அட்டாக் வரும். அட்டாக் இல்லாமலே இசிஜி அட்டாக் மாதிரி காட்டுவதும் உண்டு. அதனால் ஊருக்கெல்லாம் போன் போடாதீர்கள்

மதுரை அத்தை: நான் ஏழு பேருக்குச் சொல்லிவிட்டேன்

மணி: இரவு 8 மணி. பொட்டாசியம் 4.7, டி அலை தணிந்திருக்கிறது. டிரிப்பில் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பா கண் திறந்து, வீட்டில் மோட்டாரை நிறுத்தினாயா என்றார்

சின்னச் சித்தப்பா: நிறுத்தினாயா?

மணி: ஐயோ

மதுரை அத்தை: சாவி என்னிடம் இருக்கிறது, போகிறேன். ராத்திரி துணைக்கு யார்? ஞாயிற்றுக்கிழமை என்ன முடிவு?

கரூர் மாமா: சரி

மணி: எதற்குச் சரி மாமா?