மைசூரு, புனே, சென்னை: ஒரே குருவின் வழியில் மூன்று வகுப்புகள்

மைசூரில் கோகுலம் என்ற பகுதியில் சில மாதம் குடியிருந்தோம். விடியும் முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிநாட்டவர்கள் தெருவில் போவார்கள். ஆர்வம் தாங்காமல் நானும் ஒரு யோக சாலையில் சேர்ந்தேன். ஆசிரியர் செய்துகாட்டுவார், பார்த்துச் செய்யலாம் என்று போனால், அங்கே ஆளாளுக்குத் தங்கள் ஆசன வரிசையைத் தாங்களே செய்துகொண்டிருக்கிறார்கள். பேச்சே கிடையாது, மூச்சுச் சத்தம்தான். ஆசிரியர் இடையில் புகுந்து ஒருவர் முதுகை அழுத்துவார், இன்னொருவர் காலைத் திருப்பிவிடுவார். இடம் காலியானதும் "ஒன் மோர்!" என்று குரல் வரும். வெளியே காத்திருப்பவர்களில் அடுத்தவர் உள்ளே ஓடுவார். முடிந்தபின் எல்லாரும் இளநீர்க் கடையில் ஆஜர். ரஷ்யா, பிரேசில், ஜப்பான் என்று எல்லா ஊர்க்காரரும் உண்டு, மைசூருக்காரர்தான் அபூர்வம்.

இது பட்டாபி ஜோயிஸ் என்ற யோக ஆசிரியரின் வழி; ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவியும் குதித்தும் போக வேண்டும். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோக சாலை நடத்தினார். அங்கே படித்தவர்களில் சிறுவர்கள் நிறைய. இத்தனை தாவலும் குதியலும் அதனால்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். நாற்பதைத் தாண்டிய என் இடுப்பும் அதையே சொன்னது.

புனேயிலிருந்து ஒருவர்:
எங்கள் வகுப்பில் குதிக்கவே விடமாட்டார்கள். சுவரில் கயிறு, மடக்கு நாற்காலி, பெல்ட், மரக்கட்டை. திரிகோணாசனத்தில் நிற்கவைத்துக் கால் சுண்டுவிரல் வரை திருத்துவார்கள். இது பி.கே.எஸ். ஐயங்கார் வழி. அவரும் அதே கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்தான், குருவின் மனைவிக்குத் தம்பியும்கூட. சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தவர். தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டதால்தான் முடியாதவர்களுக்கு இவ்வளவு முட்டுக் கொடுத்தார் போல.

சென்னையிலிருந்து இன்னொருவர்:
கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்தபின், ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து வயது, நோய், வேலைக்குத் தக்கபடி பயிற்சி கொடுத்தார். மகன் தேசிகாச்சாரும் அதே முறைதான். அந்த வழியில் வந்த ஒரு ஆசிரியையிடம் முழங்கால் வலிக்காக அம்மாவைக் கூட்டிப்போனேன். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு தாளில் குச்சி மனிதர்களை வரைந்து கொடுத்தார். மூச்சை இழுத்தபடி கையைத் தூக்கு, விட்டபடி இறக்கு, அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அம்மா. ஆனால் அந்தத் தாள் இன்னும் பூஜை அலமாரியில் ஒட்டியிருக்கிறது, தினமும் செய்கிறார்.

மீண்டும் கோகுலம்:
ஒன்று விட்டுப்போனது. அங்கே காத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அந்தக் காலத்தில், லாட்வியாவில் பிறந்த இந்திரா தேவி என்ற பெண் யோகம் கற்க மைசூருக்கு வந்தபோது கிருஷ்ணமாச்சாரியார் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்திருக்கிறார். மகாராஜா தலையிட்ட பிறகுதான் சம்மதித்தாராம். அந்த அம்மாள் 1940களின் கடைசியில் ஹாலிவுட்டில் யோகா வகுப்பு திறந்து நடிகைகளுக்கே சொல்லிக்கொடுத்தார்.